கேட்டால்தான் பாடும் பாட்டு

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பொய்க்கு இனிமேல் நிறைய இடம் இருக்கிறது.

இந்தக் கதை எனக்கு ஒரு வேனில் கிடைத்தது. நான் போய்க்கொண்டிருந்த பேருந்து பாதி வழியில் புகை கக்கி நின்றுவிட்டது. கை காட்டியதற்கு ஒரே ஒரு வண்டிதான் நின்றது. அது ஒரு சின்ன இசைக்குழுவின் வேன். அடுத்த ஊர்க் கச்சேரிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஸ்பீக்கர் பெட்டிக்கும் டிரம் செட்டுக்கும் நடுவில் என்னையும் ஒரு சாமானாகச் செருகிக்கொண்டார்கள். எழுதுகிறவனுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? ஊர் ஊராகப் பாடித் திரிகிற மனிதர்கள், நீண்ட சாலை, கட்டுப்பாடில்லாத வாழ்க்கை. வண்டி நகர்ந்ததுமே மனதுக்குள் முதல் வரியை எழுத ஆரம்பித்துவிட்டேன்:

சாலை அவர்கள் முன்னால் முடிவே இல்லாத ஒரு ராகத்தைப் போல விரிந்து

அந்த வாக்கியம் அப்படியே கிடக்கட்டும், அடிக்க மனசில்லை. அந்த இடத்தில்தான் அவர்கள் பேச ஆரம்பித்தார்கள். நான் இறங்கும்வரை நிறுத்தவில்லை. பேச்சு முழுக்க எந்தப் பெட்ரோல் பங்கில் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது, எதில் இல்லை என்பதைப் பற்றித்தான். தாழ்ப்பாள் இல்லாத இடத்தில் உள்ளே போனவர் பாடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது குழுவின் விதி. டிரம்ஸ்காரருக்குப் பாட வராது, அதனால் அவர் உள்ளேயிருந்து கதவில் தாளம் போடுவாராம். வெளியே நிற்கிறவர்கள் யாரோ அவசரத்தில் தட்டுகிறார்கள் என்று நினைத்து ஓடிவிடுவார்களாம்.

நடுவில் பாடகர் என்னைப் பார்த்துக் கேட்டார்:

“நீங்க என்ன பண்றீங்க?”

“கதை எழுதறேன்.”

“யாராவது கேட்டு எழுதறீங்களா, நீங்களாவே எழுதறீங்களா?”

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

வேனில் ஓர் இருக்கை காலியாக இருந்தது. கால் மரத்துப்போய் அதில் உட்காரப் போனேன். “அதுல உக்காராதீங்க” என்றார்கள் மூன்று பேர், ஒரே குரலில். கச்சேரியில்கூட அவர்கள் இவ்வளவு சேர்ந்து பாடியிருக்க மாட்டார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உண்மை தெரிந்திருக்கும், கதை எழுத முடியாமல் போயிருக்கும். ஆகவே இனி வருவது எல்லாம் என் கற்பனை. அந்த இருக்கையும் தாழ்ப்பாளும் மட்டும் நிஜம்.

2

தொடக்கம் அ: மழை பெய்துகொண்டிருந்தது. வேனின் கண்ணாடியில்

என் வீட்டுக்காரி இதோடு நிறுத்தச் சொல்லிவிட்டாள். “உங்க எல்லாக் கதையிலயும் மழை பெய்யுது. ஒரு கதையிலயாவது துணி காயட்டும்” என்றாள். நியாயம்தான்.

தொடக்கம் ஆ: கலைஞன் என்பவன் யார்? அவன் சமூகத்தின்

இதை நானே நிறுத்திக்கொண்டேன்.

தொடக்கம் இ: பம்பு செய்கிற ஒரு தொழிற்சாலையின் ஆண்டு விழா. மத்தியான நேரம். கச்சேரி முடிந்து, மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் நான்கு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். திரும்பி வந்து இன்னொரு பாட்டு பாடச் சொல்லி யாராவது கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை.

இது போதும். மழை இல்லை, சமூகம் இல்லை.

3

யார் அந்த நான்கு பேர் என்று சொல்லிவிடுகிறேன்.

பாடகர். குழுவின் தலைவரும் அவரே. ஐம்பதைத் தொட்ட வயது. தினமும் காலையில் வெந்நீர் குடித்துத் தொண்டையைப் பார்த்துக்கொள்வார், வாயை மட்டும் பார்த்துக்கொள்ள மாட்டார்.

கிடார் வாசிக்கிறவளை எல்லாரும் சின்னவள் என்பார்கள். ஒரு பெரியவள் இருந்தால்தானே சின்னவள் இருக்க முடியும்? அந்தப் பெரியவள் இவளுக்கு அக்கா, பாடகருக்கு மனைவி. ஆக பாடகர் இவளுக்கு மாமா. இந்தக் கதையை நான் சின்னவள் பக்கத்தில் நின்றுதான் சொல்லப்போகிறேன். மற்றவர்கள் மனசுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இவள் மனசில் இருப்பதும் பாதிதான் தெரியும்.

டிரம்ஸ்காரர் எதைக் கண்டாலும் தட்டுவார், எப்போதும் பசியாக இருப்பார்.

கீபோர்டுக்காரரைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கிறது. மூன்று முறை திருத்தி எழுதியும் இவருக்குக் கதையில் ஒரு வேலையும் அமையவில்லை. “அதெல்லாம் ஒண்ணும் இல்ல” என்று எல்லாவற்றுக்கும் சொல்லிக்கொண்டு, சொந்தத் தலையணையோடு பயணம் செய்கிறார். தூக்கிவிடலாம் என்றால் வேனில் இன்னொரு இருக்கை காலியாகிவிடும். ஒன்றுக்கே அவர்கள் படும் பாடு போதும்.

ஐந்தாவதாக ஒருவர் உண்டு. மேடைக்கு வர மாட்டார். வண்டி ஓட்டுவதும் அவர்தான், கூடத்தின் கடைசியில் உட்கார்ந்து மைக்குகளின் சத்தத்தைக் கூட்டிக் குறைப்பதும் அவர்தான். பெயர் சவுண்டு.*

* வைத்த பெயர் வேறு. அவர் அம்மாவே இப்போது சவுண்டு என்றுதான் கூப்பிடுகிறாராம்.

4

பெரியவள் எப்படிப் போனாள்?

பாட்டெழுதுவதும் மெட்டுப் போடுவதும் அவள்தான். இரண்டாம் குரல் பாடுவதும் அவள்தான். ஆனால் ஒவ்வொரு கச்சேரியிலும் குழுவை அறிமுகப்படுத்தும்போது பாடகர் என்ன சொல்வார் தெரியுமா? டிரம்ஸ்காரர் ‘தாளச் சக்கரவர்த்தி’. கீபோர்டுக்காரர் ‘விரல் வித்தகர்’. சின்னவள் ‘கிடார் நாயகி’. சவுண்டுக்குக்கூட ‘ஒலி வேந்தர்’ என்று ஒரு பட்டம். கடைசியாகப் பெரியவள் பக்கம் கையைக் காட்டி, குரலைக் கொஞ்சம் குழைத்து, “இவங்க என் மனைவி” என்பார். அவ்வளவுதான். ஜனங்களும் கை தட்டுவார்கள். எதற்குத் தட்டினார்கள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை, பொறுத்துப் போகிறாளே என்று தட்டியிருக்கலாம்.

அவள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்கு ஒரு நல்ல காட்சி கிடைத்திருக்கும்.

ஒருநாள் கச்சேரி முடித்துத் திரும்பும் வழியில் ஒரு பங்கில் வண்டியை நிறுத்தினார்கள். தாழ்ப்பாள் உள்ள பங்கு. எல்லாரும் இறங்கினார்கள், ஏறினார்கள். வண்டி கிளம்பியது. பின்னிருக்கையில் மேடை உடுப்புகள் குவிந்திருந்தன, அவற்றின்மேல் பெரியவளின் போர்வை கிடந்தது. அவள் படுத்திருக்கிறாள் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

“மெதுவாப் பேசுங்க, அவ தூங்கறா” என்றார் பாடகர்.

எல்லாரும் மெதுவாகப் பேசினார்கள். டிரம்ஸ்காரர் முட்டியில் தட்டுவதை நிறுத்தினார். குளிருமே என்று ஏசியைக் குறைத்தார் சவுண்டு. சின்னவள் எட்டிப்போய்ப் போர்வையைச் சரி செய்துவிட்டாள். ஒரு துணிமூட்டைமேல் இத்தனை பேர் இவ்வளவு அன்பு காட்டி நான் கேள்விப்பட்டதில்லை. அடுத்த டீக்கடையில் பாடகர் தானே ஒரு டீயை வாங்கிக்கொண்டு போய், “எழுந்திரும்மா” என்று போர்வையை விலக்கினார்.

(இங்கே ஒரு பத்தி அவர் முகத்தைப் பற்றி எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். அந்த முகம் எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.)

வண்டியைத் திருப்பிக்கொண்டு பறந்தார்கள். அவள் அங்கே இல்லை. பஸ் ஏறிப் போய்விட்டதாகப் பங்குக்காரர் சொன்னார். அந்த வாரக் கடைசியில் சின்னவளுக்கு மட்டும் போன் செய்தாள்.

“நான் வண்டியில இல்லங்கறதே உங்களுக்குத் தெரியல. நீயுமாடி?”

“அக்கா, நீ தூங்கறேன்னு நெனச்சு…”

“விடு. என் பாட்டையும் இப்படித்தான் ஒருநாள் எங்கயாவது விட்டுட்டு வருவீங்க. விட்டுட்டோம்னு தெரியாமயே வருவீங்க.”

“சத்தியமா விட மாட்டோம்க்கா. ஒரு கச்சேரி விடாம பாடுவோம்.”

“பாக்கலாம்” என்று வைத்துவிட்டாள். அதற்குப்பின் அக்காவும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை. மூன்று வருஷமாகிறது.

(“அவ ஏன் தங்கச்சிகிட்டப் பேசல? போர்வையைச் சரி பண்ணதுக்கா?” என்று என் வீட்டுக்காரி கேட்டாள். இல்லை. அக்கா இல்லாத வண்டியில் தங்கை மறுபடி ஏறிக்கொண்டாளே, அதற்குத்தான். நான் இதைக் கதையில் எங்காவது நுழைக்கப் பார்த்தேன், இடம் அமையவில்லை. அடைப்புக்குள்ளேயே இருக்கட்டும்.)

5

பெரியவள் சொன்ன அந்தப் பாட்டு சட்டைப் பாட்டு. எதிர் மாடியின் கொடியில் தினமும் காயும் ஒரு சட்டையைப் பார்த்து, அதைப் போடுகிறவன் எப்படிப்பட்டவனாக இருப்பான் என்று ஒருத்தி யோசிக்கிற பாட்டு. பொத்தான் உடைந்தால் அவளுக்குக் கவலை, புதுச் சட்டை தொங்கினால் சந்தேகம். குழுவுக்கு நாலு பேரிடம் பெயர் வாங்கிக் கொடுத்ததே அந்தப் பாட்டுதான். அது தன்னுடைய சட்டைதான் என்று பாடகர் உறுதியாக நம்புகிறார். பெரியவள் ஆமாம் என்றதும் இல்லை, இல்லை என்றதும் இல்லை.

அவள் போனபின் பாடகர் அதைத் தொட மாட்டேன் என்றார்.

“மாமா, அது இல்லாம கச்சேரி எப்படி?”

“ஜனங்க கேட்டா பாடறேன். கேக்காம நானாப் பாட மாட்டேன்.”

சொல்லிவிட்டு வெந்நீர் குடிக்கப் போய்விட்டார். ஜனங்கள் எங்கே கேட்கப் போகிறார்கள் என்ற தைரியம். சின்னவள் கொடுத்த வாக்கு அந்தரத்தில் தொங்கியது. நேரே சவுண்டிடம் போனாள்.

அன்றிலிருந்து இந்த ஏற்பாடு. கடைசிப் பாட்டு முடிந்து நன்றி, வணக்கம் சொல்லிவிட்டு எல்லாரும் மேடையை விட்டு உள்ளே போவார்கள். கூடத்தின் கடைசி இருட்டிலிருந்து ஒரு குரல் வரும்: “ஒன்ஸ் மோர்! சட்டைப் பாட்டு!” சவுண்டுதான். முதலில் தன் குரலில் கத்துவார். அடுத்து இடப்பக்கம் நகர்ந்து கட்டைக் குரலில். பிறகு வலப்பக்கம் வந்து ஒரு கல்லூரிப் பெண்ணின் குரலில். அதில் அவருக்குப் பெருமை அதிகம். மூன்று பேர் கத்தினால் நாமும் கத்தாவிட்டால் ரசனை இல்லாதவன் என்று பக்கத்து நாற்காலிக்காரர் நினைத்துவிடுவாரே என்று கூட்டமும் சேர்ந்துகொள்ளும். உள்ளே பாடகர் வேட்டைக்குப் போகிறவர் மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டு, “கேக்கறாங்களே, என்ன பண்றது” என்று வெளியே வருவார்.

கலை உலகில் இதற்கெல்லாம் பெரிய பெரிய பெயர்கள் உண்டு. எங்கள் எழுத்து உலகத்திலும் உண்டு. ஒருவர் புத்தகத்தைப் பற்றி இன்னொருவர் கூட்டத்தில் எழுந்து கண்கலங்குவார். அடுத்த மாதம் இவர் அவருக்குக் கண்கலங்குவார். எனக்கு அப்படி ஒரு சவுண்டு வாய்க்கவில்லை. ஆகவே பொறாமையில்தான் இதை எழுதுகிறேன் என்றும் நீங்கள் வைத்துக்கொள்ளலாம்.

6

இப்போது தொழிற்சாலைக்கு வருவோம்.

கச்சேரி நடந்துகொண்டிருந்தபோது பாதியில் கூடத்து விளக்குகளை எல்லாம் போட்டார்கள். பொது மேலாளர் பேச வேண்டுமாம். பாடகர் உள் அறைக்குப் போய் வெந்நீர் குடிப்பதில் இறங்கிவிட்டார். மற்ற இருவரும் கூடவே போனார்கள். சின்னவள் மட்டும் மேடையிலேயே அசட்டுச் சிரிப்போடு நின்றாள். மேலாளர் உற்பத்தியைப் பற்றிப் பேசினார், ஒழுக்கத்தைப் பற்றிப் பேசினார், பம்புக்கும் மனித மனத்துக்கும் உள்ள ஒற்றுமையைப் பற்றிப் பேசினார். கடைசியில் சொன்னார்:

“வருஷா வருஷம் யாரையாவது கூப்பிட்டா நேரத்துக்கு வராம போயிடறாங்க. இந்தத் தடவை நம்ம தரப் பரிசோதனைப் பிரிவுல இருக்கற ஒரு அம்மாதான், இந்தக் குழு நல்லா இருக்கும் சார், இவங்களைக் கூப்பிடுங்கன்னு சொன்னாங்க. எங்கம்மா இருக்கீங்க?”

நாலைந்து பேர் மூன்றாவது வரிசையைக் கை காட்டினார்கள். சின்னவள் பார்த்தாள். நீலச் சீருடை, கழுத்தில் அடையாள அட்டை. அட்டையின் நாடாவை விரலில் சுற்றிக்கொண்டு குனிந்திருந்தாள் பெரியவள். எழுந்திருக்கவில்லை.

விளக்குகள் அணைந்தன. சின்னவள் அடுத்த பாட்டை எப்படி வாசித்தாள் என்று அவளுக்கே தெரியாது. நன்றாகத்தான் வாசித்திருப்பாள், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்கு ஒரே ஒரு நினைப்புதான். கூப்பிட்டது அக்கா. இன்றைக்கு அந்தப் பாட்டு இல்லாமல் போனால், தான் அன்று போனில் சொன்னது சரிதான் என்று அக்கா எழுந்து போய்விடுவாள். ஒவ்வொரு ஊரிலும் விடாமல் பாடியது அவளுக்கு எப்படித் தெரியும்? கடைசியில் வைத்திருக்கிறோம் என்பதும் தெரியாது. அவள் இருந்த காலத்தில் அது முதல் பாட்டு.

ஆனால் பயப்பட என்ன இருக்கிறது? சவுண்டு இருக்கிறாரே.

7

சவுண்டு இல்லை.

கடைசிப் பாட்டு முடிந்ததும் காவலாளி ஒருவர் வந்து, வேன் குறுக்கே நிற்கிறது, சாப்பாட்டு வண்டி உள்ளே வர வேண்டும், நகர்த்துங்கள் என்று அவரைக் கையோடு கூட்டிப் போய்விட்டார். போகும்போது மைக், கீபோர்டு எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத்தான் போனார். பொறுப்பான மனிதர். பொறுப்பானவர்களால்தான் உலகத்தில் பாதிக் கஷ்டம்.

மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகளை உத்தரம்வரை அடுக்கியிருந்தார்கள். ஒரு கால் உடைந்த பேச்சாளர் மேசை, போன வருஷத்து பேனர். அறைக்கு இரண்டு கதவு. ஒன்று பூட்டியிருந்தது. அதற்கு அந்தப் பக்கம்தான் சாப்பாட்டுக் கூடம், தட்டுகள் மோதும் சத்தம் கேட்டது. இன்னொரு கதவு மேடைக்குப் போகும். அதாவது இங்கிருந்து வெளியே போக வேண்டும் என்றால் மேடை வழியாகத்தான் போக வேண்டும். கூப்பிடாமல் மேடைக்குப் போவதில்லை என்று ஒருவர் வைராக்கியத்தோடு நிற்கிறார். ஆக நாலு பேரும் மாட்டிக்கொண்டார்கள்.

“ஒண்ணும் சத்தத்தக் காணோமே” என்றார் பாடகர்.

“ரசிச்ச ஜனங்க அப்படித்தான், வாயடைச்சுப் போயிருப்பாங்க” என்றாள் சின்னவள். அவளே அதை நம்பவில்லை.

“வாயடைச்சு இல்ல. வாய் நெறஞ்சு” என்றார் டிரம்ஸ்காரர், பூட்டிய கதவில் காதை வைத்துக்கொண்டு. பந்திக்கு முந்து என்று சும்மாவா சொன்னார்கள். “அண்ணே, இப்படியே நின்னா நமக்குப் பாத்திரம்தான் மிஞ்சும்.”

“அதெல்லாம் ஒண்ணும் இல்ல” என்றார் கீபோர்டுக்காரர்.

சின்னவள் திரையோரம் போய், விளக்கு கண்ணில் படாமல் எட்டிப் பார்த்தாள். கூடத்தின் கடைசியில் சவுண்டின் நாற்காலி காலி. வரிசை வரிசையாகக் காலி. முதல் வரிசைப் பெரிய மனிதர்கள்தான் முதலில் ஓடியிருந்தார்கள். விளக்குப் போடுகிறவர்கூட மேடை விளக்கை அணைக்க மறந்து சாப்பிடப் போயிருந்தார். மூன்றாவது வரிசையில் மட்டும் ஒருத்தி. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, வெறும் மேடையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அவளும் கேட்க மாட்டாள். கேட்டு வாங்குகிற சாதி இல்லை அவள். வருஷக்கணக்கில் ஒரு பட்டம்கூடக் கேட்டு வாங்காதவள்.

8

இந்த இடத்தில்தான் நான் இரண்டு வாரம் உட்கார்ந்துவிட்டேன். சில முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ. பெரியவள் எழுந்து நின்று கண்ணீரோடு “சட்டைப் பாட்டு!” என்று கூவுகிறாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த எண்ணூறு தொழிலாளர்களும் எச்சில் கையோடு ஓடி வருகிறார்கள். மேலாளர் பம்பைப் பற்றிய தன் கருத்தை மாற்றிக்கொள்கிறார். இந்த முடிவை ஒரு தயாரிப்பாளரிடம் சொல்லலாம். வாசகரிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

முடிவு ஆ. நாலு பேரும் கடைசிவரை அந்த அறையிலேயே நிற்கிறார்கள். நாற்காலிகள் மெல்ல மெல்ல அவர்களாகின்றன, அவர்கள் நாற்காலிகளா

இதற்கு ஏதாவது பரிசு கிடைக்கலாம். புரியாவிட்டால் நல்லது.

முடிவு இ. சவுண்டு வந்துவிடுகிறார், வழக்கம்போல மூன்று குரலில் கத்துகிறார், எல்லாம் சுபம். இதை எழுதி முடித்து நிம்மதியாகக் காபி குடித்தேன். என் வீட்டுக்காரி படித்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

“அந்தப் பொண்ணு என்ன பண்ணினா?”

“எந்தப் பொண்ணு?”

“சின்னவ. மூணு வருஷமா அடுத்தவர் வாயாலயே கேட்டுட்டிருக்கா. அவ வாய் என்ன ஆச்சு?”

நான் காபி டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்து இந்தப் பகுதியை எழுதினேன்.

9

சின்னவள் திரையை விட்டு வந்து பாடகர் முன்னால் நின்றாள்.

“மாமா, வாங்க, பாடிட்டுப் போயிடலாம்.”

“யாரும்மா கேட்டாங்க?”

“யாரும் கேக்கல.”

“அப்புறம் என்ன? கேக்காத எடத்துல போய்ப் பாடறதுக்கு நான் என்ன செல்போன் ரிங்டோனா?”

“இன்னிக்கு மட்டும் இல்ல மாமா. என்னிக்குமே யாரும் கேக்கல. மூணு வருஷமா ஒரு ஊர்லயும் ஒருத்தரும் தானாக் கேக்கல. சவுண்டு அண்ணன்தான் கத்தினாரு. நான்தான் கத்தச் சொன்னேன்.”

டிரம்ஸ்காரர் கதவிலிருந்து காதை எடுத்தார். கீபோர்டுக்காரர் ‘ஒண்ணும் இல்ல’ என்று சொல்ல வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். (இவரை வைத்திருந்தது நல்லதாயிற்று. இந்த அறையில் இப்போது ஒருவர் பேசாமல் இருப்பது தேவையாக இருந்தது.)

மாமா கோபப்பட்டால் சின்னவள் தாங்கிக்கொள்வாள். உடைந்துபோனால் என்ன செய்வாள்? ஒரு பாடகனிடம் போய் உன்னை யாரும் கேட்கவில்லை என்று சொல்வதைவிடக் கொடுமை வேறு என்ன இருக்கிறது? இதற்கு அவரை அடித்திருக்கலாம்.

பாடகர் உடைந்த பேச்சாளர் மேசையில் சாய்ந்துகொண்டார். அது கொஞ்சம் ஆடியது.

“தெரியும்” என்றார்.

“என்ன தெரியும்?”

“அவன் குரல் எனக்குத் தெரியாதா? இருபது வருஷமா அவன்கிட்ட சத்தத்தக் கொற, கூட்டுன்னு பேசிட்டிருக்கேன். மொத நாளே தெரியும். அந்தப் பொம்பளக் குரல் வேற. அத எப்படிம்மா சகிச்சுக்கிட்டேன்?”

“தெரிஞ்சுமா பாடினீங்க?”

“எனக்கும் பாடணும்போல இருந்துச்சு. நானாப் பாடினா, பொண்டாட்டியை வழியில விட்டுட்டு வந்தவன் அவ பாட்டை மட்டும் தூக்கிட்டுத் திரியறான்னு இருக்கும். அதான் யாராவது கேக்கட்டும்னு இருந்தேன். எவனோ ஒருத்தன் கேட்டான், பாடினேன்.” கொஞ்ச நேரம் போன வருஷத்து பேனரைப் படித்தார். “அவன்கிட்ட நீதான் சொல்லியிருப்பேன்னும் தெரியும். வேற யாருக்கு அக்கறை?”

சின்னவளுக்கு அழுகை வந்தது. மூன்று வருஷம் ஒருவரை ஏமாற்றி, அவர் ஏமாறவே இல்லை என்று தெரிகிறபோது வருகிற அழுகை. அதில் பாதி கோபம். முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“சரி. இப்ப நானே கேக்கறேன். அடுத்தவர் வாயால இல்ல. பாடுங்க மாமா.”

“கூடத்துல ஆள் இருக்கா?”

இருக்கிறார்கள் என்று சொல்லலாம். அக்கா வந்திருக்கிறாள் என்று சொல்லிவிடலாம். சொன்னால் இவர் பாட மாட்டார், ஓடிப்போய்க் காலில் விழுவார். அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். அல்லது அப்படி எதுவும் நடக்காமலும் இருக்கலாம். எனக்குத் தெரியாது, சின்னவளுக்கும் தெரியாது.

“ஒருத்தர் இருக்காங்க” என்றாள்.

பாடகர் அவள் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். யார் என்று கேட்கவில்லை. சட்டையின் பொத்தான்களை ஒருமுறை தடவிச் சரி பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தார்.

10

இதற்குமேல் எனக்குக் கொஞ்சம்தான் தெரியும்.

நான்கு பேரும் மேடைக்கு வந்தார்கள். மைக்கைத் தட்டினார் பாடகர், சத்தம் இல்லை. கீபோர்டுக்காரர் கட்டைகளை அழுத்தினார், அதிலும் இல்லை. சவுண்டு அணைத்துவிட்டுப் போனது அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. சின்னவளின் கிடார் மரக் கிடார். அதற்கு யார் தயவும் வேண்டாம். வாசிக்க ஆரம்பித்தாள். டிரம்ஸ்காரர் குச்சிகளை வைத்துவிட்டு விரலால் தட்டினார்.

பாடகர் மைக்கை விட்டு நகர்ந்து மேடையின் விளிம்புக்கு வந்தார். வெறும் தொண்டையில் பாடினார். வெந்நீர் குடித்ததற்குக் குரல் நன்றாகவே இருந்தது. சில இடங்களில் பிசிறு தட்டியது, அதை அவர் மறைக்கவில்லை. மேடை விளக்கு நேராக முகத்தில் அடித்தது. அந்த வெளிச்சத்தில் நிற்கிறவர்களுக்குக் கூடம் முழுக்க ஒரே இருட்டு. மூன்றாவது வரிசை இருக்கிறதா, இல்லையா என்றுகூடத் தெரியாது. அறைக்குள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் ஒருத்தி எழுந்து போயிருக்கவும் நேரம் இருந்தது, உட்கார்ந்திருக்கவும் நேரம் இருந்தது.

முதல் சரணம் முடிந்தது. அடுத்து இரண்டாம் குரல் வர வேண்டும். சட்டைக்காரன் என்ன நினைப்பான் என்று பாட்டில் வருகிறவளே அவனுக்காகச் சொல்லிக்கொள்கிற நாலு வரி. பெரியவளுக்குப் பின் அந்த நாலு வரியைக் கீபோர்டுதான் வாசித்துவந்தது. இன்றைக்குக் கீபோர்டு ஊமை. பாடகர் நிறுத்திவிட்டு இருட்டைப் பார்த்து நின்றார். அந்த வரிகள் பெரியவளுடையவை, அவர் பாடக் கூடாது. சின்னவளுக்குப் பாடத் தெரியும், அவளும் பாடவில்லை.

நான் இவர்களோடு மேடைப் பக்கம் நிற்கிறேன். எனக்கும் விளக்கு கண்ணில் அடிக்கிறது. ஒன்றும் தெரியவில்லை. நீங்கள் கீழே இருக்கிறீர்கள், இவ்வளவு தூரம் சாப்பிடப் போகாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள். தலையைத் திருப்பினால் மூன்றாவது வரிசை உங்களுக்குத் தெரியும். அந்த நாற்காலியில் ஆள் இருக்கிறதா, வாய் திறந்ததா என்று எனக்குச் சொல்ல வேண்டாம். சொன்னால் நான் அதையும் எழுதிக் கெடுத்துவிடுவேன். சின்னவளுக்குச் சொல்லுங்கள். இரண்டாம் குரல் வருவதற்கு முன்னால் வாசிக்கிற அந்தச் சின்ன இசையை அவள் முடித்துவிட்டாள். குரல் வரவில்லை என்று மறுபடி முதலிலிருந்து வாசிக்கிறாள். அதுவும் முடிந்து, இன்னொரு தடவை ஆரம்பித்திருக்கிறாள்.